கட்டிக் கிடக்கும் குதிரைக்கு 20 நிமிடம்

குதிரை ஓடப் பிறந்த விலங்கு. புல்வெளியில் விட்டால் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே நடக்கும். பயம் வந்தால் ஓடும். ஓடி ஓடித்தான் அது உயிர் பிழைத்து வந்திருக்கிறது.

அந்தக் குதிரையை நாம் ஒரு முளையில் கட்டுகிறோம். வேலை இருந்தால் அவிழ்க்கிறோம். வேலை இல்லாவிட்டால்? அது அங்கேயே நிற்கும். ஒரு நாள் நிற்கும். பத்து நாள் நிற்கும். சில ஊர்களில் மாதக்கணக்கில் நிற்கும்.

அப்படி நின்ற குதிரையைத் திடீரென்று வேலைக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்? அந்த ஆபத்தை எப்படித் தடுப்பது? வாருங்கள், தெரிந்து கொள்வோம்.

குதிரை எப்போது சும்மா நிற்கிறது?

நம் நாட்டில் பல இடங்களில் ஒரு குதிரை ஒரு குடும்பத்துக்கே சோறு போடுகிறது.

வட மாநிலங்களில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை குதிரையில் வருவார். ஆனால் ஆடி முதல் ஐப்பசி வாக்கில் வரை, சுமார் நான்கு மாதம், அங்கே இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த நான்கு மாதமும் குதிரைக்கு வேலை இல்லை. பிறகு முகூர்த்தங்கள் தொடங்கும். உடனே பாண்டு வாத்தியம், பட்டாசு, விளக்கு, கூட்டம். அதன் நடுவில் குதிரை நடக்க வேண்டும். முதுகில் மாப்பிள்ளை இருப்பார். அவருடன் ஒரு சின்னப் பையனையும் உட்கார வைப்பது பல ஊர்களில் வழக்கம்.

உத்தராகண்ட் மாநிலத்தில் கேதார்நாத் கோயில் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து மலையேற வேண்டும். நடக்க முடியாதவர்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போவார்கள். பனிக்காலத்தில் கோயில் சாத்தப்படும். அந்த மாதங்களில் மலைப்பாதையில் சவாரி இல்லை.

மகாராஷ்டிராவில் மாதேரான் என்ற மலையூர் இருக்கிறது. அங்கே காருக்கும் பஸ்ஸுக்கும் அனுமதி இல்லை. குதிரைகள் ஆட்களைச் சுமக்கின்றன. மழைக்காலம் வந்தால் கூட்டம் குறையும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும்கூட ஆட்கள் வராத நாட்களில் சவாரிக் குதிரைகள் சும்மா நிற்கும்.

நாட்டில் குதிரைகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. 2012-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம். 2019-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்தான். இருக்கும் குதிரையைக் காப்பாற்றுவது வைத்திருப்பவர் கையில்தான் இருக்கிறது.

சும்மா நின்றால் என்ன கெடுதல்?

முதல் கெடுதல், அடங்காத வேகம். தின்ற தீனி பலமாகச் சேர்கிறது. அது வெளியே வர வழி இல்லை. அவிழ்த்ததும் குதிரை துள்ளும், உதைக்கும், இழுத்துக்கொண்டு ஓடும். "குதிரைக்குத் திமிர்" என்று நாம் அதை அடிக்கிறோம். அது திமிர் இல்லை. பல நாள் அடைபட்ட வேகம்.

இரண்டாவது கெடுதல், ஒரு நோய். ஆங்கிலத்தில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஆனால் கொள்ளும் தானியமும் வழக்கம்போலக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை குதிரையை வண்டியில் பூட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் அதற்கு வியர்த்துக் கொட்டியது. பின்தொடை கல்லாக இறுகியது. கால் எடுத்து வைக்க முடியவில்லை. சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. தசை சிதைந்து போவதால் இப்படி ஆகிறது. குதிரை செத்தும் போகலாம்.

இப்படி ஆனால் குதிரையை நடக்க வைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். தண்ணீர் காட்டுங்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

நோய் வராமல் தடுக்க இரண்டு வழி உண்டு. வேலை இல்லாத நாளில் கொள்ளையும் தானியத்தையும் குறையுங்கள். புல்லும் வைக்கோலும் குறைய வேண்டாம். இது ஒரு வழி. தினமும் குதிரையை அசைய விடுங்கள். இது இன்னொரு வழி.

வட்டத்தில் சுற்றவிடுதல்

குதிரையை அசைய விடப் பல வழி இருக்கிறது. மேய விடலாம். கையில் பிடித்து நடத்தலாம். மேலே ஏறி ஓட்டலாம். இன்னொரு வழி, நீளக் கயிற்றில் கட்டி வட்டமாகச் சுற்றவிடுவது. ஆங்கிலத்தில் இதை 'லஞ்சிங்' என்பார்கள். குதிரைப் பந்தயக்காரர்களும் குதிரைப்படை வீரர்களும் இந்தப் பயிற்சியைக் கொடுப்பார்கள்.

ஆள் நடுவில் நிற்பார். குதிரை சுற்றி வரும். இவ்வளவுதான். பார்க்க எளிது. ஆனால் முறை தெரியாமல் செய்தால் ஆளுக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. முறை தெரிந்து செய்தால் 20 நிமிடத்தில் குதிரை நிதானத்துக்கு வரும்.

என்னென்ன வேண்டும்?

இடம்: சமமான தரை வேண்டும். மண் மெத்தென்று இருக்க வேண்டும். கல், பள்ளம், சேறு, தார்ச்சாலை, சிமெண்டுத் தரை ஆகாது. சுற்றிலும் வேலி இருந்தால் நல்லது. படலைச் சாத்திவிடுங்கள். குழந்தைகளும் நாய்களும் உள்ளே வரக் கூடாது.

வட்டம்: குறுக்கே 15 முதல் 20 மீட்டர் வரை இருக்கட்டும். 20 மீட்டர் என்றால் பெரிய ஆள் எடுத்து வைக்கும் 26 எட்டு. வட்டம் சின்னதானால் குதிரை உடம்பை வளைத்துக்கொண்டே ஓட வேண்டும். மூட்டும் நரம்பும் நோகும்.

கயிறு: 8 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு விரல் அகலமுள்ள பருத்தி நாடா நல்லது. நைலான் கயிறு வேண்டாம். குதிரை இழுத்தால் அது உள்ளங்கைத் தோலை உரித்துவிடும்.

தலைவார்: இது கடிவாளம் போலத் தலையில் மாட்டுவது. ஆனால் வாயில் இரும்பு இருக்காது. மூக்கின் மேல் ஒரு பட்டை இருக்கும். அது மூக்கின் எலும்புள்ள பகுதியில் உட்கார வேண்டும். கீழே இறங்கினால் மூச்சு அடைக்கும். கயிற்றைத் தலைவார் வளையத்தில் மாட்டுங்கள். கழுத்தில் கட்டினால் குரல்வளையை நெரிக்கும். கடிவாள இரும்பில் கட்டினால் வாய் கிழியும். முள் வைத்த கடிவாளத்தைத் தொடவே வேண்டாம். 1965-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன.

சாட்டை: நீளமான சாட்டை வேண்டும். அது அடிப்பதற்கு அல்ல. வழி காட்டுவதற்கு. நீட்டிய கை போல அதை நினைத்துக் கொள்ளுங்கள்.

உங்களுக்கு: கையுறை போடுங்கள். மூடிய செருப்பு அல்லது பூட்ஸ் போடுங்கள். தலைக்கவசம் இருந்தால் போடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றுங்கள். தோளில் துண்டும், தொங்கும் முந்தானையும் வேண்டாம்.

கயிற்றைப் பிடிப்பது எப்படி?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள். இடுப்பில் கட்டாதீர்கள். வளையம் வளையமாகச் சுருட்டி, அதற்குள் விரலை விடாதீர்கள்.

ஏன்? பெரிய குதிரை 400 கிலோ எடை இருக்கும். அது மிரண்டு ஓடினால் கயிறு ஒரு நொடியில் இறுகும். சுருக்கில் மாட்டிய விரல் துண்டாகலாம். கையில் சுற்றியிருந்தால் ஆளையே தரையில் இழுத்துக்கொண்டு போகும். மாட்டுக் கயிறு பிடித்துப் பழகியவர்களுக்குக் கையில் ஒரு சுற்று சுற்றுவது பழக்கம். "அப்போதுதான் பிடி இருக்கும்" என்பார்கள். பிடி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் விட வேண்டிய நேரத்தில் விட முடியாது.

சரியான முறை இதோ. புடவையை மடிப்பது போல, மிச்சக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடியுங்கள். மடிப்பை உள்ளங்கையில் வைத்து விரலை மூடுங்கள். கையைத் திறந்தால் கயிறு தானாக அவிழ்ந்து போக வேண்டும். கயிறு தரையில் தொங்கக் கூடாது. தொங்கினால் உங்கள் காலோ குதிரையின் காலோ மாட்டும்.

எங்கே நிற்பது?

ஒரு முக்கோணத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் ஒரு முனை. குதிரையின் தலை இரண்டாவது முனை. அதன் பின்புறம் மூன்றாவது முனை. கயிறு தலையை நோக்கிப் போகும். சாட்டை பின்புறத்தை நோக்கிக் காட்டும்.

குதிரை இடப்பக்கமாகச் சுற்றினால், கயிறு இடது கையில். சாட்டை வலது கையில். வலப்பக்கம் சுற்றினால் கையை மாற்றிக் கொள்ளுங்கள்.

குதிரையின் தோளுக்குக் கொஞ்சம் பின்னால், வயிற்றுக்கு நேராக நில்லுங்கள். தோளுக்கு முன்னால் போனால் குதிரை நின்றுவிடும், அல்லது திரும்பிவிடும். பின்னால் நின்றால் முன்னே போகும். குதிரை ஆளின் உடம்பைப் பார்த்தே நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சத்தமும் அடியும் தேவைப்படாது.

நீங்களும் நடுவில் ஒரு சின்ன வட்டமாக நடக்கலாம். அப்போது குதிரையின் வட்டம் இன்னும் பெரிதாகும்.

தொடங்குவோம்

வெயில் ஏறுவதற்கு முன், காலையில் செய்யுங்கள். முதலில் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பாருங்கள். கல் சிக்கியிருந்தால் எடுங்கள். லாடம் ஆடுகிறதா என்று பாருங்கள்.

1. குதிரையைக் கையில் பிடித்து அந்த இடத்தை இரண்டு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள். பழகாத இடத்தில் அது மிரளும்.

2. இப்போது கயிற்றை மெல்ல விடுங்கள். முதலில் 3 மீட்டர். குதிரை அமைதியாக நடந்தால் இன்னும் விடுங்கள். வெளியே போகும் நேரத்தில்தான் குதிரை துள்ளிப் பின்னங்காலை வீசும். ஆகவே அதன் பின்னங்காலுக்கு எட்டும் தூரத்தில் நிற்காதீர்கள்.

3. ஐந்து நிமிடம் நடை மட்டும். உடம்பு சூடாகட்டும்.

4. பிறகு மெதுவான ஓட்டம். மூன்று நான்கு நிமிடம் போதும். நாலுகால் பாய்ச்சல் வேண்டாம்.

5. நிறுத்துங்கள். பக்கம் மாற்றுங்கள். மறுபக்கமும் அதே அளவு மெதுவான ஓட்டம். ஒரே பக்கம் சுற்றினால் ஒரு பக்கத்துக் கால்களுக்கு மட்டும் பாரம் கூடும்.

6. கடைசி ஐந்து நிமிடம் மறுபடி நடை.

எல்லாம் சேர்ந்து 20 நிமிடம். புதிதாகப் பழகும் குதிரைக்கு 10 நிமிடம் போதும். அரை மணிக்கு மேல் யாரும் சுற்றவிட வேண்டாம். "அதிகம் ஓடினால் அதிகம் அடங்கும்" என்று சிலர் நினைப்பார்கள். தவறு. களைத்த குதிரை கால் தடுக்கும். அதன் மூட்டு கெடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுற்றவிடுங்கள். மற்ற நாட்களில் நேர்ப்பாதையில் நடத்திக் கூட்டிப் போங்கள், அல்லது மேய விடுங்கள்.

ஒரு வேலைக்கு ஒரு சொல்

'நட', 'ஓடு', 'நில்'. இப்படி மூன்று சொல் போதும். உங்கள் ஊர் வழக்கில் எந்தச் சொல்லும் இருக்கலாம். இந்தி பேசும் ஊரில் அவர்கள் சொல் இருக்கும். ஆனால் ஒரு வேலைக்கு ஒரே சொல்தான். அப்பா ஒன்று சொல்லி, மகன் வேறொன்று சொன்னால் குதிரை குழம்பும். ஓடச் சொல்லும்போது குரல் உயரட்டும். நிற்கச் சொல்லும்போது குரல் தாழ்ந்து நீளட்டும்.

நின்றதும் குதிரை வட்டத்திலேயே நிற்க வேண்டும். கயிற்றை மடித்துக்கொண்டே நீங்கள் அதனிடம் போங்கள். அது உங்களிடம் ஓடி வரப் பழக்காதீர்கள். சொன்னபடி நின்றால் கழுத்தில் தட்டிக் கொடுங்கள்.

குதிரை முரண்டு செய்தால்?

இழுத்தால்: நீங்களும் பலமாக இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். பலத்தில் குதிரையை ஜெயிக்க முடியாது. ஒரு முறை இழுங்கள், உடனே தளர்த்துங்கள். மறுபடி இழுங்கள், தளர்த்துங்கள். 'நில்' என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் திரும்பினால்: சாட்டையை அதன் தோளை நோக்கி நீட்டுங்கள். நீங்கள் அதன் வயிற்றுக்கு நேராக நகருங்கள். அது மறுபடி வெளியே போகும்.

பிடிக்கவே முடியாவிட்டால்: கயிற்றை விட்டுவிடுங்கள். இதில் வெட்கம் இல்லை. கயிறு போனால் வாங்கலாம். கை போனால் வாங்க முடியுமா? குதிரையைப் பிடிக்கத்தான் வேலியும் படலும் இருக்கின்றன. பின்னால் துரத்தாதீர்கள். அது நின்ற பிறகு தோள் பக்கமாக மெல்லப் போங்கள்.

எந்தக் குதிரையைச் சுற்றவிடக் கூடாது?

மூன்று வயது ஆகாத குட்டியைச் சுற்றவிட வேண்டாம். அதன் எலும்பும் மூட்டும் இன்னும் முற்றவில்லை. நொண்டும் குதிரை, காய்ச்சல் உள்ள குதிரை, சினைக் குதிரை, வயதான குதிரை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

நாள் முழுவதும் உழைத்த குதிரைக்கும் இந்தப் பயிற்சி வேண்டாம். அதற்கு ஓய்வுதான் வேண்டும். 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி வண்டிக் குதிரையை ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஓய்வு கொடுக்காமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது.

சுற்றும்போது நோயும் தெரியும்

நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். குதிரையின் முழு உடம்பும் கண்ணுக்குத் தெரிகிறது. மெதுவாக ஓடும்போது அதன் தலையைப் பாருங்கள். நல்ல குதிரையின் தலை ஒரே மட்டத்தில் இருக்கும். முன்னங்காலில் வலி இருந்தால் தலை ஆடும். வலியுள்ள கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும்.

இப்படிக் கண்டால் உடனே நிறுத்துங்கள். குளம்பைப் பாருங்கள். காலைத் தொட்டுப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்றே காட்டினால் சில நாள் வேலை போகும். காட்டாமல் ஓட்டினால் குதிரையே போகலாம்.

முடிந்த பிறகு

ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாவைப் பார்த்து எண்ணலாம். பயிற்சி முடிந்ததும் மூச்சு வேகமாக இருக்கும். நிழலில் மெதுவாக நடத்துங்கள். மூச்சு அடங்கிய பிறகு கட்டுங்கள். வியர்வையைத் துடைத்து, உடம்பைத் தண்ணீரால் கழுவுங்கள்.

"வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது" என்று பலர் சொல்வார்கள். அது பழைய நம்பிக்கை. தாகத்தில் இருக்கும் குதிரை தண்ணீர் குடிக்கட்டும். ஆனால் கொள்ளும் தானியமும் உடனே வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. லாயத்து மண்ணிலும் சாணத்திலும் தனுர்வாதக் கிருமி இருக்கும். சின்னக் காயம் என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக் கொள்ளுங்கள். குதிரைக்கும் அந்த நோய் வரும். அதற்கும் தடுப்பூசி உண்டு.

கல்யாண முகூர்த்தமோ மலைக்கோயில் நடைதிறப்போ வருவதற்கு ஒரு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். முதல் வாரம் 10 நிமிடம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 20 நிமிடம். முதல் நாள் வேலைக்கு அதை அவிழ்க்கும்போது அது துள்ளாது. உங்கள் குரல் அதற்குத் தெரிந்திருக்கும். அதன் முதுகில் ஏறுபவரும் பத்திரமாக இறங்குவார்.

நினைவில் கொள்வோம்

கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது.
சாட்டை அடிக்க அல்ல, வழி காட்ட.
வட்டம் பெரிதாக, தரை மெத்தென்று இருக்க வேண்டும்.
இரண்டு பக்கமும் சமமாகச் சுற்ற வேண்டும்.
20 நிமிடம் போதும்.
வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும்.

கலந்து பேசுவோம்

1. மாட்டுக் கயிற்றையோ குதிரைக் கயிற்றையோ கையில் சுற்றியதால் அடிபட்டவர் உங்கள் ஊரில் உண்டா? எப்படி நடந்தது?
2. உங்கள் ஊர் குதிரைகளும் மாடுகளும் எந்த மாதங்களில் வேலையில்லாமல் நிற்கின்றன? அப்போது அவற்றுக்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள்?
3. உங்கள் ஊருக்கு அருகில் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது? அதன் போன் எண்ணை உங்கள் கையால் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.